சரயேவோவுக்குப் போன பிள்ளையும் சவூதிக்குப் போன உம்மாமாரும்



இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபிக்கமாட்டேன். ஆனால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வந்து ஃபத்வா கொடுக்க வேண்டாம். கடந்த பத்து நாளாக எங்கள் ஊரில் நடந்தது அதுதான்.

விசயம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி ஐரோப்பாவில் புலமைப்பரிசிலில் முதுமாணி படிக்கிறாள். லீவு கிடைத்தபோது வியன்னாவில் இருந்து இரவு பஸ் எடுத்து பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவுக்குத் தனியாகப் போனாள். ஹொட்டலில் தங்காமல் அந்த ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஐந்து நாள் தங்கினாள். வந்ததும் நாலு போட்டோவும் ஒரு நீண்ட எழுத்தும் போட்டாள். போட்டோவை எல்லோரும் பார்த்தார்கள். எழுத்தை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பது கொமன்ட்டுகளைப் பார்த்தாலே விளங்கும். "தனியா ஒரு பொம்புள", "யார் வீட்டுல தங்கின", "வெள்ளக்காரன்ட வீட்டுல என்ன நடந்திருக்கும்", "உம்மா வாப்பா என்ன வளர்ப்பு". இதைவிட மோசமானவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதியவர்களுக்குத் தெரியும்.

அவள் பதிவை நீக்கிவிட்டாள். ஸ்கிரீன் ஷொட்டுகளை யாரும் நீக்கவில்லை. அவை குடும்பக் குரூப்புகளில் சுற்றி, பள்ளிவாசல் குரூப்பில் சுற்றி, கடைசியில் அவளுடைய உம்மாவின் போனுக்கே வந்து சேர்ந்தன. அந்த மனிசி ஒரு கிழமையாக வீட்டை விட்டு வெளியே இறங்கவில்லை. கல்யாண வீடு ஒன்றுக்குப் போகாமல் விட்டார். மீன்காரனைக்கூட வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுவதில்லை.

பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை. தெரிந்தவர்களும் எழுத வேண்டாம், டெக் பண்ணவும் வேண்டாம். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அவள் பதிவை நீக்குவதற்கு முன் நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். நான் வரலாறு படிப்பிக்கிறவன். என் பாடத்தில் பத்து வருசமாக நான் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிற ஒன்றை அவள் ஐந்து நாளில் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தாள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலில் "யார் வீட்டுல தங்கின" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவர்கள் யாருக்கும் பதில் வேண்டியிருக்கவில்லை.

கவுச்சேர்ஃபிங் என்று ஒரு இணையத்தளம் 2004 முதல் இருக்கிறது. வீட்டில் ஒரு கட்டிலோ சோபாவோ சும்மா கிடந்தால் அதைப் பயணி ஒருவருக்குக் கொடுக்கலாம். தங்குகிறவரிடம் வாடகை வாங்குவதில்லை. அந்த வீட்டில் முன்பு தங்கிப் போனவர்கள் வீட்டாரைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். அதை வாசித்துவிட்டுத்தான் கேட்கலாம். இந்தப் பிள்ளை பெண்கள் மட்டும் உள்ள வீடாகத் தேடினாள். முன்பு அங்கே தங்கிய பெண்கள் எழுதியதை எல்லாம் வாசித்தாள். விலாசத்தை உம்மாவுக்கும் தன் அறைத் தோழிக்கும் அனுப்பினாள். ஒவ்வொரு இரவும் உம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

வீட்டில் இருந்தது எழுபது தாண்டிய ஒரு விதவைத் தாயும் பாடசாலை ஆசிரியையான மகளும். "வெள்ளக்காரன்" இல்லை. இரண்டு முஸ்லிம் பெண்கள். அந்தத் தாயைப் பிள்ளைகள் கூப்பிடுவது "நானா" என்று. அந்தப் பாஷையில் நானா என்றால் பாட்டி. பதிவில் "நானாவுடன் உட்கார்ந்து கோப்பி குடித்தேன்" என்று அவள் எழுதியதை வாசித்துத்தான் ஒருவர் "அந்நிய ஆம்பிளையோட கோப்பியா" என்று பொங்கினார். பக்கத்திலேயே விளக்கம் எழுதியிருந்தாள். இன்னொருவர், பின்னால் தெரிந்த கட்டடத்தைக் காட்டி "சேர்ச்சுக்கு முன்னால நின்று போஸ்" என்று எழுதினார். அது 1896இல் திறந்த நகர மண்டபம், பிறகு தேசிய நூலகம். வளைவுகளையும் கோடுகளையும் பார்த்தால் சேர்ச்சைவிடப் பள்ளிவாசல் போலத்தான் இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இல்லை, அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1992 ஆகஸ்ட் கடைசியில் அதன்மீது குண்டு போட்டு எரித்தார்கள். உள்ளே இருந்த நூல்களில் பெரும்பகுதி சாம்பலானது. எரிந்த தாள்கள் நகரம் முழுக்கக் கறுப்பாகப் பறந்து வந்து விழுந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் "ஏன் சேர் புத்தகத்தை எரிக்கிறாங்க" என்று கேட்பார்கள். இந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டவள்தான். அந்தக் கேள்வியோடு போய் சரயேவோவில் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அந்தப் போட்டோவில் நீங்கள் கண்டது அவளுடைய ஜீன்ஸை.

இனி அவள் எழுதிய ஊரைப் பற்றி.

சரயேவோ மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போல இருக்கிறது. நடுவில் மிலியாட்ஸ்கா ஆறு. பழைய கடைத்தெருவுக்குப் பெயர் பாஷ்சார்ஷியா. அதிலிருந்து செங்குத்தான ஒழுங்கைகளில் ஏறினால் வீடுகள். அந்தக் குடியிருப்புகளை அவர்கள் "மஹலா" என்கிறார்கள். நாம் மஹல்லா என்கிறோமே, அதே சொல். ஒவ்வொரு மஹலாவுக்கும் ஒரு சின்னப் பள்ளி, ஒரு தண்ணீர்க் குழாய். வக்புக்கு "வகுஃப்". துஆவுக்கு "தோவா". பொறுமைக்கு "ஸபுர்". பிள்ளைகள் ஓதப் போகும் இடம் "மெக்தெப்". மொழி தெரியாத ஊரில் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே முதல் நாள் கதைத்து முடித்ததாக எழுதியிருந்தாள். மகளுக்கு ஆங்கிலம் தெரியும், கிழவிக்குத் தெரியாது.

இவற்றில் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட முடியாது. நமக்கு முஸாபிர் என்றால் பயணி. அங்கே வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கே "முஸாஃபிர்" என்று பெயர். அந்த ஊரை நிறுவியவராகச் சொல்லப்படும் உஸ்மானிய ஆளுநர் இஸா பேக் 1462இல் எழுதிய வக்பு ஆவணத்திலேயே பயணிகள் தங்கிச் சாப்பிட ஏற்பாடு இருக்கிறது. பிறகு வந்த காஸி ஹுஸ்ரெவ் பேக் பெரிய பள்ளியையும் 1537இல் மத்ரஸாவையும் கட்டினார். அவருடைய வக்பில் ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் சமைத்துப் போட ஒரு சமையற்கூடமும் வழிப்போக்கர் தங்க ஒரு விடுதியும் இருந்தன. ஆக, தெரியாதவரை வீட்டில் தங்கவைப்பது நேற்று அமெரிக்காவில் யாரோ கண்டுபிடித்த வெப்சைட் கலாசாரம் இல்லை. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினதும் வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு சோடி கொண்டுவந்து வைத்தார்களாம். செம்புச் சட்டியில் காய்ச்சிய கோப்பி, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம், சீனிக்கட்டி, பக்கத்தில் ஒரு துண்டு லொக்கும். அதைக் குடித்து முடிக்க ஒரு மணித்தியாலம். அதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து இலங்கைப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் உம்மாமாரின் பின்னேரத் திண்ணைதான். நாடு மட்டும் வேறு.

மூன்றாவது நாள்தான் கிழவி யுத்தத்தைப் பற்றிக் கதைத்தார். 1992 ஏப்ரலில் இருந்து 1996 பெப்ரவரி வரை, 1,425 நாள், அந்த நகரத்தைச் சுற்றி மலையில் இருந்து அடித்தார்கள். செத்தவர்கள் 11,541 பேர். 20 வருடம் கழித்து, 2012 ஏப்ரல் 6ஆம் திகதி, பிரதான வீதியில் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 11,541 சிவப்புக் கதிரைகளை வெறுமையாக வரிசையில் வைத்தார்கள். தண்ணீர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது பழைய பியர் தொழிற்சாலையின் ஊற்று. ஆம், பியர் தொழிற்சாலை. அங்கே கேனோடு வரிசையில் நின்று, குண்டுக்குத் தப்பி, மஹலா மேட்டில் தூக்கிக்கொண்டு ஏறினவர்களில் இந்தக் கிழவியும் ஒருவர். மகளுக்கு அப்போது ஆறு வயது. எழுதப் படிக்கப் பழகினது ஒரு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். படிக்கட்டிலும் நிலவறையிலும் ஆசிரியர்கள் வகுப்பு நடத்தினார்கள். விமான நிலையத்து ஓடுபாதைக்குக் கீழால் 1993இல் வெட்டிய சுரங்கம் 800 மீற்றர் நீளம், குனிந்துதான் நடக்கலாம். அதன் வாயில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு அடியில் இருந்தது. மாவும் மருந்தும் அதற்குள்ளால்தான் வந்தன.

"அங்க எல்லாம் முஸ்லிம் கிறிஸ்தவன் சண்டதானே" என்று ஒருவர் கொமன்ட்டில் பாடம் எடுத்திருந்தார். நகரத்துக்குள் இருந்த சேர்பியரும் குரோவத்தியரும் அதே குண்டில்தான் செத்தார்கள். நகரத்தைப் பாதுகாத்த படையின் தளபதிகளில் ஒருவரான யோவான் டிவ்யாக் பிறப்பால் சேர்பியர். 1994இல், முற்றுகை முடியும் முன்பே, யுத்தத்தில் அநாதையான பிள்ளைகளைப் படிப்பிக்க ஒரு அமைப்பைத் தொடங்கினவர். 2021இல் மௌத்தாகும்வரை அந்த வேலையில் இருந்தார். மௌத் என்ற சொல்லை அவருக்கு எழுதலாமா என்று கேட்டு ஒரு கொமன்ட் வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

ஷெல் விழுந்து சீமெந்து பிளந்த இடங்களில் சிலவற்றைச் சிவப்புப் பசையால் நிரப்பி வைத்திருக்கிறார்கள். சரயேவோ ரோஜா என்று பெயர். அதன்மேல் நடந்துதான் ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள். அதைப் பார்த்ததும் காத்தான்குடிப் பள்ளிச் சுவரில் இன்னும் இருக்கும் 1990 ஆகஸ்ட் சன்னத்தடங்கள் ஞாபகம் வந்ததாக அவள் எழுதியிருந்தாள். கிழவியிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினாளாம். கிழவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துவிட்டு, செத்தவர்களின் பெயர்களை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். இவளுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் அது முள்ளாகக் குத்தியது. சிங்களவருக்கும் தமிழருக்கும் நாங்கள் யார் என்று விளக்கிச் சொல்ல 2019க்குப் பிறகு எத்தனை கூட்டம் போட்டோம். எங்கள் பிள்ளை ஒருத்தி எங்கள் கதையை ஐரோப்பாவில் ஒரு சமையலறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு ஒரு கிழவி அழுதிருக்கிறார். நாங்கள் அவளுடைய உம்மாவை அழவைத்தோம்.

சரி, இனி மஹ்ரம் விசயம். அதைத்தானே காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெண் தனியாகப் பயணம் போவது பற்றி மார்க்கச் சட்டம் பேச நான் ஆலிம் இல்லை. உலமாக்களிடையே இதில் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்து முன்பிருந்தே உண்டு, பாதை பாதுகாப்பானதா என்பதை வைத்துப் பேசியவர்களும் உண்டு என்ற அளவு எனக்குத் தெரியும். கூடாது என்று உண்மையிலேயே நம்புகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பிள்ளையின் வாப்பாவிடம் தனியாகப் போய், ஸலாம் சொல்லி, இப்படி ஒரு கவலை இருக்கிறது என்று சொல்லலாம். அது நஸீஹத். ஸ்கிரீன் ஷொட் எடுத்து சிரிப்பு எமோஜியோடு அனுப்புவதற்கு மார்க்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதையும் ஜும்ஆவில் கேட்டிருப்பீர்கள்.

என் சண்டை இந்த மஹ்ரம் கேள்வி எப்போது வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதோடு.

தனியாகக் கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத வீட்டில் தங்கும் பெண்களை நம்மைப்போல் எத்தனை ஊர் கண்டிருக்கும்? எண்பதுகளில் இருந்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். சவூதிக்கு, குவைத்துக்கு, கட்டாருக்கு. ஐந்து நாளுக்கு இல்லை, இரண்டு வருசம், நாலு வருசம். அந்த வீட்டைப் பற்றி முன்பு அங்கே இருந்த பெண் என்ன எழுதினாள் என்று வாசிக்க ஒரு வெப்சைட் இருக்கவில்லை. விலாசம்கூடச் சரியாகத் தெரியாது. போய் இறங்கியதும் பாஸ்போட் வீட்டுக்காரன் கையில். போன் மாதம் ஒருக்கால், கொடுத்தால். வெளியே போக நினைத்தால் கதவு பூட்டு. யாராவது "மஹ்ரம் எங்கே" என்று ஏஜன்டிடம் கேட்டோமா? அந்த ஏஜன்டுகளோடு ஒரே ஸப்பில் நின்று தொழுதோம். எங்கள் ஊரில் எத்தனை கொங்கிரீட் வீடு அந்தக் காசில் எழும்பியது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் பலருக்கு வேர்க்கும். வீட்டுக்கு ஒரு மாடி எழுப்பப் போனால் மஹ்ரம் தேவையில்லை, ஒரு பட்டம் எடுக்கப் போனால் தேவை. இது எந்த மத்ஹப்?

மூதூர் ரிஸானா நபீக்கை மறந்துவிட்டோமா? 2005இல் போகும்போது அந்தப் பிள்ளைக்கு வயது 17. பாஸ்போட்டில் 23. வீட்டு வேலைக்கு என்று போனவளிடம் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். குழந்தை மௌத்தானது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுடைய தலையை வெட்டினார்கள். வயதைக் கூட்டிப் பாஸ்போட் செய்தவன், அதற்கு உதவினவன், தெரிந்தும் பேசாமல் இருந்தவன், எல்லோரும் நம் ஆட்கள் இருக்கும் ஊர்களில்தான் இருந்தார்கள். அன்றைக்கு "உம்மா வாப்பா என்ன வளர்ப்பு" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. அந்தக் குடும்பம் இருந்த குடிசையைப் படத்தில் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

"அது வறுமை சேர், ழரூரத்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பயணமும் அந்நியர் வீடும் எந்த நிலையிலும் கூடாத ஒன்று இல்லை, தேவைக்கு ஏற்ப இளகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எது தேவை என்று தீர்மானிப்பது யார்? அரிசிக்குக் காசு தேவை. அறிவு தேவை இல்லையா? பாவம் என்று ஒரு பெண்ணின் பயணத்தை மன்னிக்கிறோம், அவள் கெட்டிக்காரி என்றால் மட்டும் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேர் ஐரோப்பா சுற்றி வீடியோ போடுகிறார்கள். "காசே இல்லாமல் ஐரோப்பாவில் தங்குவது எப்படி" என்று ஒன்று. அதிலும் தெரியாதவர்கள் வீட்டில்தான் தங்கினான். யார் வீடு, உள்ளே யார் யார் என்று எவரும் கேட்கவில்லை. "மாஷா அல்லாஹ் மச்சான்" என்று நூற்றுக்கணக்கில். எனக்கு அந்த வீடியோவில் வேறு கோபம். விருந்தோம்பலை இலவச ரூம் என்று கணக்குப் பார்க்கிற கோபம். விருந்து மூன்று நாள், அதற்கு மேல் வீட்டாருக்குப் பாரமாக இருக்காதே என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளை நாலாம் நாள் காலையில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சோறும் பருப்பும் ஆக்கிக் கொடுத்தாள். பருப்புக் கறிக்குக் கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்று இரண்டு வரி வருத்தம் வேறு எழுதியிருந்தாள். அவனுடைய வீடியோவில் வீட்டுக்காரரின் பெயரே இல்லை. பாட்டிமாரின் கதையைக் கேட்டு வந்தவளுக்கு ஏச்சு, சோபாவின் விலையைக் கணக்குப் பார்த்தவனுக்கு மாஷா அல்லாஹ்.

1325இல் தன் 21ஆவது வயதில் தஞ்சியரில் இருந்து தனியே கிளம்பி, போன இடமெல்லாம் அவ்வூரார் வீட்டிலும் ஸாவியாக்களிலும் தங்கி, 1344இல் நம் நாட்டுக்கும் வந்துபோன இப்னு பதூதாவைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதுகிற சமூகம் நாங்கள். அவர் ஆண் என்பீர்கள். அந்த ஒரு வித்தியாசம்தான் உங்கள் முழு வாதமும் என்றால் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அப்போது பேசலாம்.

அவளுக்கு ஆதரவு என்று கிளம்பிய கொழும்புச் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அவளை அடையாளமாக்கி, உடைத்தெறிந்த பெண் என்று போஸ்டர் செய்து, ஊரையே காட்டுமிராண்டி என்று எழுதினீர்கள். அவள் எதையும் உடைக்கவில்லை. ஸுபஹுக்கு எழும்பி, கிழவியோடு தொழுது, பஸ்ஸுக்கு எத்தனை மணி என்று பார்த்துக்கொண்டு திரிந்த பிள்ளை. உங்கள் போஸ்டரும் அவளுடைய உம்மாவின் போனுக்குத்தான் வந்தது.

இதெல்லாம் ஒரு பிள்ளையோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். எங்கள் பாடசாலையில் உயர்தரம் நல்ல பெறுபேறோடு முடித்த ஒரு மாணவிக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பினோம். நானும் ஆங்கில டீச்சரும் மூன்று பின்னேரம் இருந்து நிரப்பியது. போன வியாழன் அவளுடைய வாப்பா கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நிப்பாட்டுங்க சேர். அந்தப் புள்ளைக்கு நடந்தத பார்த்தீங்கதானே" என்றார். சரயேவோவில் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது இங்கே, நம் போன்களில். இந்த மனிசனுக்கு ஐரோப்பாவைப் பற்றிப் பயமில்லை, உங்களைப் பற்றித்தான் பயம். அவர் ஓட்டோ ஓட்டுகிறவர், மார்க்கம் தெரிந்தவர், மகள் படிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு என்னிடம் கண் கலங்கிப் பேசியவர்.

ஸ்கிரீன் ஷொட் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். குரூப் அட்மின்மார் குரூப்பிலும் அழியுங்கள். கொமன்ட் எழுதியவர்களில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் அந்த உம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டும். வெட்கமாக இருந்தால் என்னோடு வாருங்கள், நான் முன்னால் நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நானும் ஆங்கில டீச்சரும் அவருடைய கணவரும் ஓட்டோக்கார வாப்பாவின் வீட்டுக்குப் போகிறோம். பள்ளி நிர்வாகத்தில் இருந்து ஒருவராவது கூட வந்தால் அவர் மனம் இளகும் என்று நினைக்கிறேன். வர விரும்புபவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பத்திரம் என் மேசை லாச்சியில்தான். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பாதுகாவலர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.